ருசி பார்த்தவள்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அவளால் வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

குதிகாலில் ஆணி அறைந்தது போலிருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். முட்டி மடங்க மறுத்தது. பாவாடையை உயர்த்திப் பார்த்தாள். புளித்த மாவு போல உப்பியிருந்தது.

கீழே ஓவன் சூடேறும் வாடை வந்தது. மாடியில் வீடு, கீழே பேக்கரி. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

"என்ன பூக்காரி, சறுக்குமரம் விளையாடறியா?" என்றாள் நாத்தனார். கல்லாவுக்கு மேலிருந்த விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேக்கின் மேல் க்ரீமில் பூப் போடுவது இவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கிண்டலாக வைத்த பெயர் அது. கிண்டல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. கணவனும் அப்படித்தான் கூப்பிட்டான். நாத்தனார் கணவனுக்கு அக்கா. புருஷனிடம் கோபித்துக்கொண்டு வந்தவள், கோபம் தீராமல் கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் ஊன முடியல அண்ணி."

"கண்ணும் சிவந்திருக்கே. அழுதியா?"

"இல்ல. எரியுது."

மாமியார் மாவு பிசையும் மேடையிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "மூட்டையை இழுத்திருப்பா. தைலம் தேய்ச்சா போயிடும்."

போகவில்லை. தைலம் தீர்ந்தது. வீக்கம் தீரவில்லை. அந்த வாரக் கடைசியில் காலின் இரண்டாம் விரல் கட்டைவிரலை விடப் பருத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து பூப் போட்டுப் பார்த்தாள். நின்று சுற்றி வந்து போட வேண்டிய பூ அது. உட்கார்ந்து போட்டால் ஒரு பக்கம் சாய்ந்தது. நாத்தனார் க்ரீம் பையைக் கையில் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அவள் போட்ட ரோஜாக்கள் முட்டைக்கோஸ் போலிருந்தன. வாங்க வந்தவர் ஒருவர், இது என்ன, காய்கறிக் கேக்கா என்று கேட்டார். அதன் பிறகுதான் மாமியார் டாக்டரிடம் போகலாம் என்றாள்.

மூட்டு டாக்டர் ஒரு பெண். நடுத்தர வயது. அவசரப்படாதவள். முட்டியை அழுத்தினாள், குதிகாலை அழுத்தினாள், விரலைப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சமீபத்துல வயிறு கெட்டுதா? பேதி, காய்ச்சல், வாந்தி? ஒரு மாசத்துக்குள்ள?"

"வயிறா? இவளுக்கா?" என்றாள் மாமியார். "கல்லைத் தின்னாலும் செரிக்கும் டாக்டர்."

பதில் கேள்வியைத் தொட்டுக்கொண்டே வந்தது. அது புதிதாகச் செய்த பதில் அல்ல.

ஒரு மாதத்துக்கு முன் பக்கத்துத் தெரு இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே காசாளர் ஓய்வு பெறுகிறார், சாக்லேட் க்ரீம் கேக் வேண்டும், பெரிதாக. அந்த க்ரீமுக்குப் பச்சை முட்டையின் மஞ்சள்கருவை அடித்துச் சேர்க்க வேண்டும். அடுப்பில் ஏறாத க்ரீம். சனிக்கிழமை வேறு வேலைக்கு வெள்ளைக்கருவை எடுத்த பிறகு மிஞ்சிய மஞ்சள்கரு, ஒரு டப்பாவில் ஃபிரிட்ஜில் இருந்தது. திங்கட்கிழமை காலை அவள் எடுத்தபோது டப்பா சில்லென்றுதான் இருந்தது.

பூசும் முன் க்ரீமை ருசி பார்க்க வேண்டும். அந்தக் கடையில் அதற்குக் கரண்டி கிடையாது. சுண்டுவிரல்தான். ருசி பார்க்காத க்ரீம் என் கடையில் கேக் ஏறாது என்பது மாமியாரின் சட்டம். சர்க்கரை போட்டதும் ஒரு முறை, சாக்லேட் கலந்ததும் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. அன்றைக்கு ருசியில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு நாக்கில் ஊறியது. அதுதான் கொடுமை.

மறுநாள் மாடியில் பக்கெட்டும் அவளுமாகக் கிடந்தாள். கீழே போன் அடித்தது. ஆபீஸில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில். காசாளருக்கு டிரிப்ஸ் ஏறுகிறது.

போனை வைத்த பிறகு கணவன் சொன்னான். சனிக்கிழமை சாயந்தரம் புதுப் பெயர்ப்பலகை மாட்டினான். விளக்கு எரியும் பலகை. துளை போட டிரில்லைச் சொருக இடம் வேண்டியிருந்தது. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். பலகை எரிந்தது. தெருவில் இறங்கி நின்று அழகு பார்த்தான். பிளக் ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. திங்கள் விடியற்காலை பார்த்தான், சொருகினான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்மா," என்று அழுதான்.

"முதல்ல ஃபிரிட்ஜைக் கழுவு," என்றாள் மாமியார். "அப்புறம் அழலாம்."

சுகாதார ஆபீஸர் வந்தபோது கடை முழுக்க பிளீச்சிங் வாடை. கேக் மிச்சம் எதுவும் இல்லை. இங்கே வேலை செய்கிறவர்களில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்று கேட்டார். மாமியார், நாத்தனார், கணவன், மூவரும் வரிசையாக நின்று இல்லை என்றார்கள். மருமகள் எங்கே? அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாடியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கெட்டின் மேல் குனிந்திருந்தாள். ஆபீஸர் போய்விட்டார். அந்த விருந்துக்குப் பழம் வெட்டிக் கொடுத்தவனின் வண்டிக்கு மறுநாள் சீல் வைத்தார்கள். அவன் கத்தி ஈரமாக இருந்ததாம், பலகையில் ஈ இருந்ததாம். ஈ இல்லாத பழவண்டி எங்கே இருக்கிறது?

ஆக, கேள்வி பழையது. பதிலும் பழையது.

டாக்டர் மாமியாரைப் பார்த்தாள். பிறகு, "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா," என்றாள்.

மாமியார் எழுந்தாள். போகிற போக்கில் மருமகளின் தோளை அழுத்தினாள். பார்க்கிறவர்களுக்கு அது ஆறுதல்.

கதவு சாத்திக்கொண்டது.

"இது எப்படி வருதுன்னு சொல்றேன்," என்றாள் டாக்டர். "உடம்புல வேற எங்கேயோ ஒரு கிருமி வந்துட்டுப் போயிருக்கும். கிருமி போனது உடம்புக்குப் புரியாது. சண்டையை நிறுத்தாது. எதிரி காலி பண்ணின வீட்டை அடிக்கிற மாதிரி, சொந்த மூட்டையே போட்டு அடிக்கும். முட்டி, குதிகால், கண்ணு. எல்லாருக்கும் வராது. சில பேர் உடம்பு வாகு அப்படி."

"சரி டாக்டர்."

"கிருமி பெரும்பாலும் ரெண்டு வழியாத்தான் வரும். ஒண்ணு வயிறு. போன மாசம் இந்தப் பக்கம் ஒரு விருந்துல நிறையப் பேருக்கு வந்துது. அதுல நீங்களும் சாப்பிட்டிருந்தா சொல்லுங்க. நான் சுகாதார ஆபீஸுக்கு எழுதணும், அது என் கடமை. ஆனா உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது."

அவள் தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். வயிறு கெடல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ இன்னொரு வழி. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். புருஷன் பொண்டாட்டி உறவு வழியா வர்ற கிருமி. உங்களுக்கு வேற யாராவது… இல்ல, உங்க கணவருக்கு?"

ஒரு வாசலைச் சாத்தினால் இன்னொரு வாசல் திறக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. காது சுட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கும் இல்லை என்றால் டாக்டர் மறுபடி வயிற்றுக்கு வருவாள். பிளீச்சிங், ஃபிரிட்ஜ், பலகை, எல்லாம் வெளியே வரும்.

"தெரியல டாக்டர்," என்றாள்.

டாக்டர் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பில் இரக்கம் இருந்தது. அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடக் கால் இல்லை.

முட்டியிலிருந்து நீர் எடுத்தார்கள். சிறுநீரும் ரத்தமும் எடுத்தார்கள். வலிக்கு ஒரு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து. கிருமிக்கு வேறொரு மாத்திரை, ஒரு வாரத்துக்கு. ரிசல்ட் வரத் தாமதமாகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றாள் டாக்டர். "உங்க கணவரும் சாப்பிடணும். ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டாத்தான் பிரயோஜனம்."

வீட்டில் அதைச் சொன்னபோது நாத்தனார் சிரித்த சிரிப்பில் பன் ட்ரே கை நழுவப் பார்த்தது.

"என் தம்பிக்கா? அவனுக்குப் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்தாலே வேர்க்கும்."

"நீ சும்மா இரு அக்கா," என்றான் கணவன். முகத்தில் ஈயாடவில்லை. "என்ன பூக்காரி, அந்தம்மாகிட்ட என்ன சொன்னே?"

"தெரியலன்னு சொன்னேன்."

"தெரியலையா? இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"இல்லன்னா வயித்துக்குத்தான் வருவாங்க. வரட்டுமா?"

அவன் எட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டான்.

"விடுடா," என்றாள் மாமியார். "டாக்டர் ஒருத்தி என்னவோ நினைச்சுட்டுப் போறா. நமக்கென்ன, அவளைப் பொண்ணு கேட்டுப் போகப் போறோமா? கடை நிக்குதுல்ல?"

"அத்தை, என்னைப் பத்தி நினைக்கறாங்க."

"நினைக்கட்டும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன் புருஷனுக்குத் தெரியும் அது முட்டைதான்னு. ஊருக்கா வாழறோம்?"

ஊருக்குத்தான் கேக் விற்றார்கள். அதை அவள் சொல்லவில்லை.

மாத்திரை வாங்காவிட்டால் டாக்டருக்குச் சந்தேகம் வரும் என்று கணவனே கடைக்குப் போனான். திரும்பி வந்தவன் அட்டைகளை மேசையில் வீசினான். "மருந்துக் கடைக்காரன் என்னை மேலயும் கீழயும் பார்க்கறான். ரெண்டு பேருக்குமான்னு சத்தமா வேற கேக்கறான். பாலோட சாப்பிடாதீங்க சார், வேலை செய்யாதுன்னு புத்திமதி."

"எதுக்கு வேலை செய்யணும்? தூக்கிப் போடுங்க," என்றாள் அவள்.

அவளுடைய அட்டையை முட்டை ஓட்டுக் கூடைக்கு அடியில் திணித்தாள். அவனுடையதை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். குப்பை எடுக்க வருகிறவன் பார்ப்பான், வெளியே எங்காவது போட்டுவிடுகிறேன் என்றான்.

அந்த வாரம் வலிக்கான மாத்திரையில் வீக்கம் கொஞ்சம் இறங்கியது. குதிகால் இறங்கவில்லை. அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அட்டைப் பெட்டி மடிப்பது, துவைத்து வந்த ஏப்ரன்களை மடிப்பது, கணவனுக்குக் காபி கலந்து கொடுப்பது. நாளுக்குப் பத்து முறை பால் காபி குடிக்கிறவன் திடீரென்று பால் வேண்டாம் என்றான். கருப்பாகவே குடித்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.

"என்ன திடீர்னு?"

"ஒத்துக்கல. வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஒரு நாள் காசாளர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்றவர், டிரிப்ஸ் ஏறியவர். கைத்தடி ஊன்றி வந்தார். இடது கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. முட்டியில் பட்டை கட்டியிருந்தார். மெதுவாக ஒரு பன் கேட்டார். நாத்தனார் எடுக்க உள்ளே போனாள்.

ஸ்டூலுக்கடியில் அவள் நீட்டியிருந்த காலை அவர் பார்த்தார்.

"உங்களுக்கும் கால்லயா?"

"ஆமா சார்."

"முட்டியா, குதிகாலா?"

"ரெண்டும்."

"அடப் பாவமே. எனக்கு அந்த விருந்துக்கப்புறம் வந்துது. வயித்துல வந்த கிருமி முட்டியில உக்காந்துடுச்சுன்னு டாக்டர் சொல்றார். முப்பத்தஞ்சு வருஷம் உக்காந்தே வேலை பார்த்தேன். இனிமே நடக்கலாம்னு இருந்தேன்." சிரித்தார். "அந்தப் பழக்காரன் என்னை முடக்கிட்டான். உங்களுக்கு எப்படி வந்துது?"

உள்ளேயிருந்து மாவு பிசையும் சத்தம் நின்றது.

"மாடிப் படியில வழுக்கி விழுந்துட்டேன் சார்," என்றாள்.

"பார்த்துப் போகணும்மா." பன்னை வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு உங்க கேக் பிரமாதம். அதுலயும் அந்தப் பூ. வெட்டவே மனசு வரல."

மாவு பிசையும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவர் படியிறங்கித் தெருவைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊன்றுவதைப் போலவே ஊன்றினார், பாதத்தின் வெளி ஓரத்தில்.

"நல்லா சமாளிச்சே," என்றாள் மாமியார், மாவுக் கையோடு வந்து நின்று. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பூவுக்குக் கிடைத்ததில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்குக் கணவன் கூட வந்தான். டாக்டர் இருவரையும் உட்கார வைத்தாள்.

"நீங்க சந்தேகப்பட்ட கிருமி இல்லை," என்றாள். சந்தேகப்பட்டது டாக்டர்தான். அவள் திருத்தவில்லை. "மாத்திரை ரெண்டு பேரும் முடிச்சீங்களா?"

"முடிச்சேன் டாக்டர்," என்று பொய் சொன்னாள் அவள்.

"முடிச்சாச்சு டாக்டர்," என்றான் அவனும். "வேளை தவறாம."

"நல்லது. அப்போ நான் முதல்ல கேட்ட கேள்விக்கே வர்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வயிறு?"

கணவன் தரையைப் பார்த்தான். அவன் செருப்பின் முனையில் உலர்ந்த மாவு ஒட்டியிருந்தது. அவள் அந்த மாவைப் பார்த்துக்கொண்டே, "இல்ல டாக்டர்," என்றாள்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. இது மாதக்கணக்கில் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும், சிலருக்குத் திரும்பித் திரும்பி வரும். முட்டியில் ஓர் ஊசி போடுகிறேன். குதிகாலுக்குப் பயிற்சி. நின்று செய்யும் வேலை இப்போதைக்கு வேண்டாம்.

"எப்ப நிக்கலாம் டாக்டர்?"

"கால் சொல்லும்."

பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவன் பக்கத்தில் நின்றான். ரிசல்ட் அவள் மடியில் இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. எதுவும் இல்லை என்று ஒரு இடத்திலாவது எழுதியிருக்கிறது.

"எவ்வளவு அழகாப் பொய் சொல்றீங்க," என்றாள் அவனை அண்ணாந்து பார்த்து. "வேளை தவறாமலாம்! நானே நம்பிட்டேன்."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "இறங்கற இடம் வந்துடுச்சு," என்றான். இன்னும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம். சாப்பாட்டுக்காகக் கடையைப் பாதி சாத்தியிருந்தார்கள். மாமியாரும் நாத்தனாரும் மாடியில் படுத்திருந்தார்கள். கணவன் உள்ளே ட்ரேக்களில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஏப்ரன்களை மடித்தாள். அவனுடைய ஏப்ரனின் உள்பையில் ஏதோ மொடமொடத்தது. துவைத்தும் போகாத ஏதோ ஒன்று.

எடுத்தாள். நான்காக மடித்த மாத்திரை அட்டை. பிரித்தாள்.

ஒரு குமிழ்கூட மிச்சமில்லை.

தூக்கிப் போடுகிறவன் அட்டையோடு போடுவான். ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்க மாட்டான். அவள் அதை மடியில் வைத்துக் காலிக் குமிழ்களை எண்ணினாள். ஓவனின் மூலையில் அவனுடைய டம்ளர் இருந்தது. அடியில் கருப்பாகக் காபிக் கறை. பாலோட சாப்பிடாதீங்க சார்.

முட்டைதான் என்று தெரிந்தவன் அவன். பிளக்கைப் பிடுங்கிய கை அவன் கை. கழுவியவன் அவன். மாடியில் பக்கெட்டை மாற்றி வைத்தவனும் அவன்தான். இந்த உலகத்தில் அந்த மாத்திரை தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆண் அவன். அவன் ஒரு வாரம் பாலை விட்டுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறான்.

டாக்டரிடம் அவள் சொன்ன "தெரியல" ஞாபகம் வந்தது. சும்மா சொன்னாள். கடைக்காகச் சொன்னாள். அதை அவன் ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்த்திருக்கலாம். இவளுக்கு ஏன் இல்லை என்று வாயில் வரவில்லை என்று. இல்லையென்றால் இன்னொன்று. அவளைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. தன்னைப் பற்றித்தான் நினைத்தான். சர்க்கரை வாங்க, அச்சு வாங்க என்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியூர் போய்த் தங்கிவிட்டு வருகிறவன்.

எது என்று முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தாள்.

மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குதிகாலை ஊன்றினாள். ஆணி இறங்கியது. ஊன்றியபடியே உள்ளே நடந்தாள். அவன் சுரண்டுவதை நிறுத்தினான்.

"ஏன் எழுந்து வர்றே? கூப்பிட்டா வர மாட்டேனா?"

அவள் அட்டையை மேடையில் அவன் முன்னால் வைத்தாள். மாவு தூவிய மேடை. அவன் அதைப் பார்த்தான். சுரண்டும் தகட்டைக் கீழே வைத்தான். ஏப்ரனில் கையைத் துடைத்தான். சுத்தமான கையை மறுபடி துடைத்தான்.

"அது… சும்மா, ஒரு ஜாக்கிரதைக்கு…"

"ஜாக்கிரதைக்குச் சாப்பிடறவங்க சொல்லிட்டுச் சாப்பிடுவாங்க."

மாடியில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. வெளியே பெயர்ப்பலகை பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவள் உட்காரவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"முட்டைதான்னு உங்களுக்குத் தெரியும். அப்புறம் யாரைச் சந்தேகப்பட்டு இதைச் சாப்பிட்டீங்க? என்னையா, உங்களையா?"